கணவன் இல்லாமல் பிள்ளைகளோடு வரும் பெண்ணுக்குத் திருப்பூரில் லைன் வீடு கிடைக்குமா?

செக்கிங்_டேபிள்

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை எனக்கு. எங்கள் செக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு அக்காவுக்காக இதை எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன், படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை சம்பளம் போட்ட ராத்திரி வழக்கம்போல வீட்டில் கணவன் குடித்துவிட்டுச் சண்டை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு கட்டைப் பை. அதில் பள்ளிச் சீருடை இரண்டு செட், ஆதார் கார்டுகள் போட்ட ஒரு பிஸ்கட் டப்பா, பாதி தீர்ந்த தேங்காய் எண்ணெய் பாட்டில். எண்ணெய் பாட்டிலை எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இடது காதில் கம்மல் இல்லை, காது மடல் கிழிந்திருந்தது. ஜி.எச்.சில் மூன்று தையல்.

இப்போது எங்கள் வீட்டு ஹாலில்தான் இருக்கிறார்கள். என் மாமியார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தப் பத்து நாளில் ஏழு லைன் வீடு (ஒரே காம்பவுண்டில் வரிசையாக இருக்கும் சின்ன வாடகை வீடு) பார்த்துவிட்டோம். வாடகை நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு. ஓவர்டைம் சேர்த்து மாதம் பதினாலாயிரம் வரை வாங்குகிறார், வாடகை கொடுத்துவிடுவார். அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம் கேட்கிறார்கள். பழைய வீட்டில் கட்டிய அட்வான்ஸ் இவர் சீட்டுப் பணம், ஆனால் அக்ரிமெண்ட் கணவன், அந்த ஆள் பெயரில். சரி, கடன் வாங்கியாவது கட்டலாம் என்றால் அதற்கு முன்பே எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" ஒருவர் கதவைத் திறந்து, குழாயைத் திருகித் தண்ணீர் எப்படி வருகிறது என்றுகூடக் காட்டினார். பிறகு இந்தக் கேள்வி. பதில் சொன்னதும் "அடடா, மாடி வீட்டுக்காரங்க நேத்தே கேட்டிருந்தாங்க, மறந்தே போச்சு" என்றார். மூன்று நாள் கழித்து அந்த வழியே போனேன், டூலெட் போர்டு அப்படியே தொங்குகிறது.

பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. ஹாஸ்டல் மாதிரி இடம் ஏதாவது இருக்கிறதா? அல்லது வீடு பார்க்க வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஜீப்

முதலில் ஒன்று. பதிவில் ஏரியா பெயர் போட்டிருந்தீர்கள், சொன்னதும் எடுத்துவிட்டீர்கள், நல்லது. கம்பெனி பெயரும் எங்கும் வர வேண்டாம். இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள், தேடுகிறவன் எல்லாவற்றையும் படிப்பான்.

நான் சமூகநலத் துறையில் ஊர்நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். 181, பெண்கள் உதவி எண்ணுக்கு அழைத்தீர்களா? அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, சகி மையம் என்று சொல்வார்களே, அங்கே இணைத்துவிடுவார்கள். 2015 முதல் இருக்கும் திட்டம். மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது ஏற்பாடு. தங்கவும் வைப்பார்கள், ஆனால் ஐந்து நாள்தான் கணக்கு. அதன்பிறகு தங்கும் இல்லம். முன்பு சுவாதார் கிரே என்று இருந்தது, இப்போது மிஷன் சக்தி திட்டத்தில் சக்தி சதன் என்று பெயர்.

பையனுக்குப் பத்து வயது என்றதும்தான் யோசிக்கிறேன். அந்தப் பழைய சுவாதார் விதியில் ஆண் பிள்ளை எட்டு வயது வரைதான் தாயோடு இருக்கலாம், அதற்கு மேல் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. பெயர் மாறிய பிறகும் பல இல்லங்களில் பெரிய பையன் என்றாலே தயங்குகிறார்கள். போவதற்கு முன்பு போனில் கேளுங்கள், "பையனையும் அம்மாவையும் பிரிக்க மாட்டீர்கள்தானே" என்று நேராகவே கேளுங்கள். என் சர்வீஸில் எத்தனையோ பேர் இல்லத்து வாசல் வரை வந்து, இந்த ஒரு காரணத்தால் அதே ஆட்டோவில் திரும்பிப் போயிருக்கிறார்கள். எங்கே போவார்கள்? அடித்தவன் வீட்டுக்குத்தான்.

சும்மா_சொன்னேன்

ரெண்டு பக்கமும் கேட்காமல் இப்படிப் பேசுவது சரியா? குடிக்கிறவன் எல்லாம் கெட்டவன் இல்லை. பெரியவர்களை வைத்துப் பேசிச் சேர்த்து வைப்பதை விட்டுவிட்டு வீடு பார்த்துக் கொடுத்துக் குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள். பொய்க் கேஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம்_ஷிப்ட்

காது மடல் கிழிந்ததற்கு ரெண்டாவது பக்கம் என்னங்க?

வாய்தா

சும்மா_சொன்னேன் அவர்களே, பொய்க் கேஸைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறேன். இங்கே ஒரு கணக்கு மட்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுதும் பார்த்தால், இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். பெரியவர்களை வைத்துப் பேசிச் சேர்த்து வைப்பது காலங்காலமாக நடப்பதுதான். அந்த 38-ல் எத்தனை பேர் அப்படிச் சேர்த்து வைக்கப்பட்டவர்களோ.

இனி செக்கிங்_டேபிள் அவர்களுக்கு. நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா, இருபத்திரண்டு வருடமாகக் கோர்ட் வராந்தா. அதனால் சட்டத்தோடு வராந்தாவில் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் என்றாலே போலீஸ் கேஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது அப்படி இல்லை. மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் போடும் மனுதான், ஆனால் கேட்பது உரிமை. "எனக்குப் பாதுகாப்பு வேண்டும், தங்க இடம் வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும், பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும்" என்பதுதான் மனு. பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால்தான் குற்றம், ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது இருபதாயிரம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம்.

வீட்டு விஷயத்துக்கு 17, 19 இரண்டு பிரிவுகள். சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடாக இருந்தாலும், அதில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அவனை அந்த வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லியே உத்தரவு கேட்கலாம். அது வேண்டாம், அங்கே போக விருப்பமில்லை என்றால், அதே அளவுக்கு வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லாவிட்டால் வாடகையைக் கொடு என்று அவனுக்கு உத்தரவிடச் சொல்லலாம், அது 19(1)(எஃப்). மாமனார் மாமியார் பெயரில் வீடு இருந்தால் உரிமை இல்லை என்று 2006-ல் ஒரு தீர்ப்பு வந்தது, பெண்களை ரொம்ப நாள் வாட்டியது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை மாற்றிவிட்டது. ஆனால் இன்னும் எதிர்த்தரப்பு வக்கீல் பழைய தீர்ப்பின் ஜெராக்ஸோடு வருவார், கூசாமல்.

மனுவை இப்போது அவர் தற்காலிகமாக எங்கே தங்கியிருக்கிறாரோ அந்த ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம், பழைய வீடு இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. இலவச சட்ட உதவிக்குப் பெண் என்றால் போதும், வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100-க்கு அழையுங்கள், அல்லது கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்.

ஜி.எச்.சில் தையல் போட்டபோது அடித்தது யார் என்று சொன்னாரா, "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னாரா? ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) எழுதினார்களா? அந்தக் காப்பியும் ஓ.பி. சீட்டும் பத்திரம்.

செக்கிங்_டேபிள்

முதலில் விழுந்துட்டேன் என்றுதான் சொன்னார். அந்த நர்ஸ் அம்மா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்டிருக்கிறார், அப்புறம் உண்மையைச் சொல்லி ஏ.ஆரில் எழுதியிருக்கிறது. காப்பி வாங்க வேண்டும்.

அந்த வீட்டுக்கே திரும்பிப் போய் அவனை வெளியேற்றுவது வேண்டாம் என்கிறார். "அந்த லைன்ல பன்னெண்டு வீடு, பன்னெண்டு வீட்டுக்கும் நான் அழுதது கேட்டிருக்கு, ஒரு கதவும் திறந்ததில்ல. நான் எதுக்கு அங்க போய்க் குடியிருக்கணும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம்_கட்டில்

இந்த மாதிரி இழைகளைப் படித்துவிட்டுப் போவதுதான் என் வழக்கம். இன்று எழுதுகிறேன்.

நான் ஒரு இல்லத்தில் பதினோரு மாதம் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். போன முதல் நாள் போனை வாங்கி ஒரு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் தருவார்கள். கோபம் வந்தது. நாம் என்ன தப்பு செய்தோம் என்று இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு பெண்ணின் போனை வைத்தே அவள் கணவன் கேட்டுக்கு வந்து நின்றான், அப்புறம்தான் புரிந்தது. ஆனாலும் ஜெயிலில் இருக்கிற மாதிரிதான் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கேட் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வேலைக்குப் போவதாக இருந்தால் தனியாக அனுமதி, அதுவும் கடைக்கு, வீட்டு வேலைக்கு என்றால் உண்டு, பனியன் கம்பெனி ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வருவதெல்லாம் நடக்காது. அந்த அக்கா வேலையில் இருக்கிறார், அதனால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். இல்லத்துக்குப் போனால் உயிர் தப்பும், சம்பளம் நிற்கும்.

ஆனால் அங்கே தூங்கினேன். அதைச் சொல்லியாக வேண்டும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும் உடம்பு, நாற்பது நாள் கழித்து ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கியது. காலையில் பக்கத்துக் கட்டில் அம்மா, "பாப்பா, குறட்டை விட்டே" என்றார். சிரித்தேன்.

கஷ்டமே வெளியே வந்த பிறகுதான். பதினோரு மாதத்தில் தையல் கற்றுக்கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வீடு கொடுக்கவில்லை. வெளியே வந்து அறை கேட்டால் "இதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்க?" என்பார்கள். இல்லத்தில் என்று சொன்னால் முகம் மாறும். கடைசியில் அக்கா வீடு என்று பொய் சொல்லித்தான் எடுத்தேன். பக்கெட், பாய், குழம்புச் சட்டி, எல்லாமே முதலிலிருந்து. முதல் மாதம் குக்கர் மூடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

நொய்யல்கரை

எல்லோரும் ஓனர்களைத் திட்டுகிறீர்கள், சரி, நான் ஒரு ஓனர், பேசுகிறேன். எனக்கு எட்டு வீட்டு லைன் ஒன்று இருக்கிறது. பேங்க் கடன் இன்னும் ஓடுகிறது. நாலு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு பெண்ணுக்கு வீடு கொடுத்தேன். மூன்றாம் மாதம் அந்த ஆள் இடம் தெரிந்து குடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வந்து கதவை உடைத்தான், பக்கத்து வீட்டுப் பையன் தடுக்கப்போய்க் கையில் வெட்டு. ஸ்டேஷனுக்கு நான் மூன்று நாள் அலைந்தேன். இரண்டு குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. அந்தப் பெண் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரும் போய்விட்டார், அவரே சொல்லிக்கொண்டு போய்விட்டார், "உங்களுக்கு எதுக்குங்கண்ணா தொந்தரவு" என்று. அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். அதுக்குப் பிறகு நானும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவன்தான். வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?

தப்பு என்று தெரியும். என்ன செய்தால் தப்பில்லாமல் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கிறேன்.

இரண்டாம்_ஷிப்ட்

கதவை உடைத்தவன் ஜாலியா இருக்கான், வீடு இல்லாமப் போனது அந்தப் பொண்ணு. உங்க மேல கோபம் இல்லைங்க அண்ணா, ஆனா கணக்கு இப்படித்தான் முடியுது ஒவ்வொரு தடவையும்.

பழைய_ஜீப்

நொய்யல்கரை அவர்கள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. இதை நான் மீட்டிங்குகளில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். "ஏன் வெளியே வரவில்லை" என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறோம். வந்து எங்கே இருப்பாள் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து நாள் சகி மையம், சில மாதம் இல்லம், அதற்கப்புறம் அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம். நடுவில் பாலமே இல்லை. ஸ்கூட்டி மானியம் கொடுத்த ஊரில், வன்முறையிலிருந்து வெளியே வரும் பெண்ணுக்கு ஒரு அட்வான்ஸ் தொகையைக் கடனாகக் கொடுக்க ஒரு நிதித் தலைப்பு இருந்திருந்தால் என் மேஜையில் இருந்த பாதி கோப்பு மூடியிருக்கும்.

தனியாளாக இருப்பவர்களுக்கு அரசின் தோழி விடுதிகள் நல்ல ஏற்பாடு. தாம்பரம், திருச்சி என்று சில ஊர்களில் வந்திருக்கிறது, இடமும் சுத்தம். ஆனால் நம் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், வேலை திருப்பூரில்.

நொய்யல்கரை அவர்களே, உங்கள் கேள்விக்கு என் அனுபவத்தில் பதில். அந்தப் பெண்ணிடம் கோர்ட் பாதுகாப்பு உத்தரவு இருந்தால் ஒரு காப்பியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவன் அவள் தங்கும் இடத்துக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரக்கூடாது என்று எழுதியிருக்கும். உத்தரவு இருந்தால் ஸ்டேஷனில் "குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்ப முடியாது, மீறியதே தனிக் குற்றம். அந்த ராத்திரி உங்களிடம் அது இருந்திருந்தால் மூன்று நாள் அலைந்திருக்க மாட்டீர்கள்.

வாய்தா

அதே. 19-வது பிரிவிலேயே, உத்தரவை நடைமுறைப்படுத்த உதவும்படி ஸ்டேஷன் அதிகாரிக்கும் உத்தரவிடக் கேட்கலாம். நிறைய மனுக்களில் அந்த வரியைக் கேட்பதே இல்லை. வக்கீலிடம் சொல்லிக் கேளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். சட்டப் புத்தகத்தில் முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள். வராந்தாவில் அறுபது நாளில் முடிந்ததை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். எனக்கு ஏன் இந்தப் பெயர் என்று நினைக்கிறீர்கள்? ஆனால் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டால், எதிர்த்தரப்பு வராமலேயேகூடக் கொடுக்கலாம். ஏ.ஆர். காப்பி இருப்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். அதோடு அவருடைய நகை, பாத்திரம், தையல் மெஷின் ஏதாவது அங்கே மாட்டியிருந்தால் திருப்பித் தரச் சொல்லியும் அதே மனுவில் கேட்கலாம்.

அட்வான்ஸ் பற்றி. 2017 வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. நாலாயிரம் வாடகைக்குப் பன்னிரண்டாயிரம்தான் வருகிறது. அதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், வீடு கிடைக்காது. ஆனால் பேரம் பேச ஒரு பிடி.

மீன்பாடும்_தேனாடு

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கதையை வாசிக்க வாசிக்க எங்கள் பக்கம் தலைகீழாக இருப்பது ஞாபகம் வந்தது.

இங்கே கிழக்கில் மகளுக்கு வீடு கொடுப்பதுதான் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தமிழ்ச் சனத்திலும் முஸ்லிம் சனத்திலும் அதுதான் வழமை. அப்படியென்றால் அடிக்கிற மனிசனை வெளியே போ என்றால் சரிதானே என்று நினைப்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவின் வீடு, உறுதி (வீட்டுப் பத்திரம்) அவவின் பெயரில், அவவின் தகப்பன் கல் சுமந்து கட்டிய வீடு. அந்த மனிசன் அடித்துவிட்டு உள்ளே படுப்பார், அவ பிள்ளைகளோடு பின்வளவில் கிணற்றடியில் இருப்பா. வீடு பெயரில் இருக்கிறது, திறப்பு ஆரின் கையில் என்பதுதான் விஷயம் (திறப்பு என்றால் உங்கள் சாவி).

எங்களிடம் 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றில் போய் முதலில் இடைக்காலக் கட்டளை, அது ஆகக்கூடியது பதினாலு நாள், பிறகு பாதுகாப்புக் கட்டளை, அது பன்னிரண்டு மாதம் வரை. வீட்டுக்குள் வரக்கூடாது என்று கட்டளை போடலாம். அந்த அக்கா எடுத்தா. ஒரு வருசம் நிம்மதி. இங்கே 1938 என்று பெண்களுக்கான அழைப்பு இலக்கம் இருக்கிறது, மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருந்தே வேலை செய்கிறது.

யாழ்ப்பாணப் பக்கம் தேசவழமை, அது அங்கத்தைய தமிழருக்கான வழமைச் சட்டம். அங்கே கலியாணம் முடித்த பெண் தன் பெயரில் இருக்கிற காணியை விற்பதென்றாலும் புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அவர் தராவிட்டால் நீதிமன்றுக்குப் போக வேண்டும். வித்துப்போட்டு வேறு ஊருக்குப் போய் நிம்மதியாக இருப்பம் என்றாலும் அவரிடம்தான் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

மூன்றாம்_கட்டில்

"திறப்பு ஆரின் கையில்". இதை எழுதி வைத்துக்கொண்டேன் அக்கா.

இங்கே 1989-லேயே மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. எனக்கும் அண்ணனுக்கும் சம பங்குதான். இல்லத்திலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டபோது, "வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ" என்றான். அந்த வீட்டில் பாதி என்னுடையது.

செக்கிங்_டேபிள்

நாலு நாளாக வர முடியவில்லை. நேற்று அந்த ஆள் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டான். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஆனால் எப்படி ஷிப்ட் நேரம் தெரிந்தது என்றால், அக்காவின் சம்பளம் பேங்கில் ஏறும் மெசேஜ் அவன் நம்பருக்குத்தான் போகிறது. எந்த நாளில் எவ்வளவு ஓவர்டைம் என்று அவனுக்கே எங்களைவிட நன்றாகத் தெரிகிறது. ஏ.டி.எம். கார்டும் அவனிடம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் அதே கணக்குதான்.

சாயங்காலமே வேறு பேங்கில் புதுக் கணக்கு தொடங்கினோம். கம்பெனியில் அக்கவுண்ட் நம்பர் மாற்றியாகிவிட்டது. பி.எஃப். நாமினியைப் பார்த்தால் அதுவும் அவன்தான்.

பழைய_ஜீப்

ரேஷன் கார்டை மறந்துவிடாதீர்கள். புதுக் கார்டு வேண்டுமென்றால் பழைய கார்டில் பெயர் நீக்க வேண்டும், அதுவரை இவர் புது ஏரியாக் கடையில் அதே கார்டைக் காட்டி அரிசி வாங்கினால், "உங்கள் கார்டுக்கு இந்தக் கடையில் இவ்வளவு பொருள் வழங்கப்பட்டது" என்று கார்டில் பதிந்த போனுக்கு மெசேஜ் போகும். அந்தப் போன் யாருடையது? கடை நம்பரைப் பிடித்து ஏரியாவைக் கண்டுபிடித்துவிடுவான். ஒரு பெண்ணை இப்படித்தான் கண்டுபிடித்தான் ஒருவன், அரிசி மெசேஜை வைத்து. முதலில் போன் நம்பரை மாற்றுங்கள்.

பிள்ளைகளின் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம். ஆனால் எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவு) பழைய பள்ளி பெயரை விடுவிக்க வேண்டும், அதற்காகத் தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள், "அப்பா வந்து எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டாம்" என்று. பெரும்பாலான டீச்சர்கள் புரிந்துகொள்வார்கள், சொல்லாவிட்டால்தான் அவர்களுக்குத் தெரியாமல் உளறிவிடுவார்கள்.

சும்மா_சொன்னேன்

நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் பின்வாங்கிக்கொள்கிறேன். அரிசி மெசேஜ் விஷயம் எனக்குத் தெரியாது. சின்னதாக ஏதாவது பணம் அனுப்பலாமா, எப்படி?

செக்கிங்_டேபிள்

பணம் வேண்டாங்க, கம்பெனியில் பிரிவுக்குள்ளேயே சீட்டு போட்டு முதல் சீட்டை அக்காவுக்கே கொடுத்துவிட்டார்கள். பதினைந்தாயிரம். வீடுதான் இல்லை.

நொய்யல்கரை

மூன்று நாளாக யோசித்தேன். என் லைனில் இப்போது காலி இல்லை, சாக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. என் சின்னம்மாவின் லைனில் ஒன்று இருக்கிறது. சின்னம்மா முன்வீட்டிலேயே இருக்கிறார், விதவை, காம்பவுண்டுக்கு ஒரே கேட், ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டிவிடுவார், குடியிருக்கிறவர்களுக்கு அது எரிச்சல், இவர்களுக்கு அதுதான் நல்லது. வாடகை மூவாயிரத்து எண்ணூறு, பன்னிரண்டாயிரம் அட்வான்ஸுக்கு நான் பேசிவிட்டேன். சின்னம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "சண்டை போடுவாளா?" இல்லை, அடி வாங்கினவள் என்றேன். "அப்ப வரச் சொல்லு" என்றார்.

இரண்டு நிபந்தனை. வாய்தா சொன்ன அந்த உத்தரவு வந்ததும் ஒரு காப்பி. அக்ரிமெண்ட் அந்த அம்மா பெயரிலேயே, வேறு யார் பெயரிலும் இல்லை.

வாய்தா

அக்ரிமெண்ட் அவர் பெயரில் என்பது பெரிய விஷயம், ஆதார் முகவரி மாற்றத்துக்கும் உதவும். கோர்ட் மனுவில் புது முகவரியைப் போடாதீர்கள். நோட்டீஸோடு மனுக் காப்பி அவன் கைக்குத்தான் போகும். எந்த முகவரி காட்டலாம் என்று வக்கீலிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

செக்கிங்_டேபிள்

நேற்று பார்த்துவிட்டு வந்தோம். ஒரு அறை, ஒரு சமையல் திட்டு, பொதுக் குளியலறை இரண்டு வீட்டுக்கு ஒன்று. பையன் உள்ளே போனதும் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அப்புறம் கதவைச் சாத்தித் திறந்து சாத்தித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான், சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அடுப்பு வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சட்ட உதவி மையத்தில் வக்கீல் கொடுத்துவிட்டார்கள். இடைக்கால மனு திங்கட்கிழமை. சமையல் கேஸ் கனெக்‌ஷன்தான் பிரச்சினை, பழையது அவன் பெயரில், புதுசுக்கு முகவரிச் சான்று வேண்டுமாம்.

இரண்டாம்_ஷிப்ட்

5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்குங்க, அதுக்கு அட்ரஸ் ப்ரூஃப் வேண்டாம், அடையாள அட்டை ஒண்ணு போதும். நாங்க பேச்சிலர் பசங்க எல்லாம் அதுலதான் சமைக்கிறோம். ஒத்தை பர்னர் அடுப்பு ஒண்ணு எங்க ரூம் பரண்ல சும்மா கிடக்கு. துடைச்சுக் கொண்டுவந்து எங்க குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க, வீட்டு அட்ரஸ் எனக்கு வேண்டாம். சிக்னல்கிட்டவோ பஸ் ஸ்டாண்ட்லயோ கூடக் குடுத்துடறேன்.

மூன்றாம்_கட்டில்

நொய்யல்கரை அண்ணா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே மட்டும் இருந்தால் தோளால் இடித்தால் வந்துவிடும்.

நொய்யல்கரை

பார்த்தேன், மேலே மட்டும்தான் இருந்தது. கீழே ஒன்று போட நாளைக்கு ஆசாரி வருகிறார். ஆணி வேண்டாம், நீள ஸ்க்ரூவாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.